துண்டுக்கு ஓர் உயிர்

ஜூன் 2

இந்த டைரி அவருடையது. வருஷா வருஷம் புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுப்பார்கள். கொண்டுவந்து பீரோவுக்கு மேல் போடுவார். ஒரு வருஷமாவது ஒரு வரி எழுதினாரா என்றால் இல்லை. நான்தான் எடுத்து பிளவுஸ் அளவு குறித்துக்கொள்வேன். இந்த வருஷமும் ஏப்ரல் வரைக்கும் கையும் கழுத்தும் இடுப்பும்தான் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் தாள். ஏப்ரலில்தான் அவர் குளியலறையில் விழுந்தார்.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு முழுசாகப் போய்விட்டது. காது கேட்கிறது, நாம் சொல்வது புரிகிறது. சோறு என்றால் வாயைத் திறக்கிறார், மாத்திரை என்றால் மூடிக்கொள்கிறார். பதில்தான் வராது.

இன்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். ஷைனி என்று பேர், ஊர் மார்த்தாண்டம் பக்கம். பார்த்தால் காலேஜ் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாள். இவளா இவரைப் பேச வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "தினமும் என்ன வார்த்தை வருதுன்னு எழுதி வைங்க ஆன்ட்டி. முதல் ஆறு மாசம்தான் முக்கியம். வர்றது அதுக்குள்ளதான் வேகமா வரும்" என்றாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு டைரி எழுத எங்கே நேரம்? மாதா திருநாளுக்குத் தைக்க வேண்டிய துணி மலை மாதிரி கிடக்கிறது.

எனக்கு நிறைய வார்த்தை வேண்டாம். ஒன்று வந்தால் போதும். என் பேர். தூத்துக்குடியில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் செலா என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். இவர் ஒருத்தர்தான் கல்யாணமான நாளில் இருந்து செலஸ்டினா என்று முழுசாகக் கூப்பிட்டவர்.

இன்று வந்த வார்த்தை: ஒன்றும் இல்லை.

ஜூன் 5

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஷைனி படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தாள். குடை, பூனை, வாழைப்பழம். "இது என்ன சார்?" என்று ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டாள். அவர் வாயைக் கோணிக்கொண்டு ம்ம்ம் என்றார். நான், "குடைங்க, குடை, கு... டை" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். ஷைனி என்னைக் கையமர்த்திவிட்டு, அதே குடையைக் காட்டி, மேசையில் அவருடைய இடது கையைத் தட்ட வைத்து, "அம்..." என்றாள்.

"அம். பிரெல். லா" என்றார் அவர்.

என் கையில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. முப்பது வருஷம் என்னோடு தமிழில் சண்டை போட்ட வாய். அதில் தமிழ் இல்லை, இங்கிலீஷ் இருக்கிறது! மாதாவே, இது என்ன கூத்து என்று சத்தம் போட்டே அழுதேன். ஷைனி பயப்படவே இல்லை. "ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி ஆன்ட்டி. சிலருக்குத் தாய்மொழி முதல்ல திரும்பும், சிலருக்கு வேலை பார்த்த மொழி. சார் என்ன வேலை பார்த்தாங்க?" என்றாள்.

கப்பல் ஏஜென்சியில் இருந்தார். கப்பல் வந்ததும் ஏறிப்போய் கேப்டனோடு பேசி எல்லாம் முடித்துக்கொடுக்கிற வேலை. வாய்தான் மூலதனம். காலையில் வீட்டை விட்டுப் போனால் இருட்டும்வரைக்கும் இங்கிலீஷ்தான். வீட்டுக்கு வந்தால் எனக்கு மிச்சம் கிடைப்பது கொட்டாவி.

"அப்ப நான் என்ன செய்ய? எனக்கு இங்கிலீஷ் ஏபிசிடியோட சரி. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம்" என்றேன்.

"நீங்களும் படிங்க" என்றாள். சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறாள்.

ஜூன் 6

வந்த வார்த்தை: பனானா. மூன்று முறை தட்டினார். சாப்பிட்டது கோழிக்கூடு பழம்.

ஜூன் 9

ஷைனி எனக்குத் தனியாகப் பாடம் நடத்தினாள். தாடைக்குக் கீழே கையை மட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். வார்த்தையை மெதுவாகச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை இறங்கிக் கையைத் தொடுகிறதோ அந்த வார்த்தைக்கு அத்தனை துண்டு. அதற்கு அசை என்று பேர் என்றாள். அம்-பிரெல்-லா, மூன்று. விண்-டோ, இரண்டு. டோர், ஒன்று.

அசை என்றதும் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நேர், நிரை, தேமா, புளிமா என்று அலகிடத் தெரியாமல் வெயிலில் முட்டி போட்டவள் நான். அந்தச் சனியன் இங்கிலீஷிலும் இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த மொழியிலயும் இருக்கும் ஆன்ட்டி. வாயைத் திறக்காம யாரும் பேச முடியாதே" என்றாள்.

பிறகு ஒன்று சொன்னாள். அதுதான் காலையில் இருந்து மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு துண்டு என்றால் அதற்குள் கட்டாயம் ஓர் உயிரெழுத்துச் சத்தம் இருக்க வேண்டுமாம். அதுவும் ஒன்றே ஒன்று. மெய் எத்தனை வேண்டுமானாலும் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்ளலாம். உயிர் இல்லாவிட்டால் துண்டு நிற்காது.

உயிர், மெய் என்று பேர் வைத்தவன் யாரோ, அவன் காலில் விழ வேண்டும். அந்தப் பேரைச் சின்ன வயசில் இருந்து சொல்லுகிறேன். உயிர் என்றால் உயிர்தான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. இவர் வாயில் இருந்து ஒவ்வொரு துண்டாக வருகிறதே, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர் போட்டுத்தானே கொடுக்கிறார்!

லைனிங் துணி இரண்டு மீட்டர் வாங்க வேண்டும்.

ஜூன் 14

பிரேக்-ஃபாஸ்ட். இரண்டு துண்டு. சேர்த்துச் சொன்னால் இட்லி. பிரித்தால் பிரேக் என்பது முறிப்பது, ஃபாஸ்ட் என்பது உபவாசம். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் கிடந்த உபவாசத்தைக் காலையில் முறிக்கிறோம். ஷைனி சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் உபவாசம் இருக்கிறவள் நான். ஓட்டல் போர்டில் ஆயிரம் தடவை அந்தச் சொல்லைப் பார்த்திருப்பேன். உள்ளே உபவாசம் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே!

வார்த்தையை நான் இத்தனை நாளும் கடையில் தொங்குகிற ரெடிமேட் மாதிரி பார்த்திருக்கிறேன். தையலைப் பிரித்தால்தானே எந்தத் துண்டு எங்கே இருந்து வந்தது என்று தெரியும்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே? ஒருநாளாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அவரிடம் கேட்டேன். இடது தோளை மட்டும் குலுக்கினார்.

ஜூன் 17

இன்று கொஞ்சம் சங்கடம். பேர்களை வைத்துப் பழகலாம் என்றாள் ஷைனி. பேர் ஆழத்தில் பதிந்திருக்குமாம். முதலில் அவருடைய பேர். நான் முதல் துண்டைச் சொல்ல வேண்டும், அவர் மிச்சத்தை முடிக்க வேண்டும். "சொல்லுங்க ஆன்ட்டி, சார் முழுப் பேர் என்ன?"

"வாசல்ல போர்டு இருக்கே" என்றேன்.

"ஜி. மச்சாதுன்னு இருக்கு. ஜி-ன்னா?"

"ரோசிட்டா அப்பா."

அவள் சிரித்துவிட்டாள். "அது உங்க மகளுக்கு அப்பா. சார் பேரைக் கேட்டேன்."

எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஷைனி ஃபைலில் கிடந்த அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துத் தானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவர் பேர் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என் பேர். "செ..." என்று ஷைனி எடுத்துக்கொடுத்தாள். அவர் என்னையே பார்த்தார். உதடு நடுங்கியது. வரவில்லை. முப்பது வருஷமாகக் கூப்பிட்ட பேர்! மனுஷனுக்குப் பெண்டாட்டி பேர் மறக்குமா? அப்படி என்றால் நான் இவருக்கு யார்?

ஜூன் 20

சென்னையில் இருந்து ரோசிட்டா பேசினாள். "அம்மா, அப்பா பேச முயற்சி பண்ணும்போது நீ குறுக்க பேசாத. நீ முடிச்சுக் கொடுத்தா அவங்க எப்ப பேசுறது?" என்றாள். ஷைனி போட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் எங்கே குறுக்கே பேசுகிறேன்? அவர் "வா..." என்றால் வாட்டர் என்று எனக்குத் தெரியாதா? தொண்டை காய்ந்து கிடக்கட்டும் என்று விடவா முடியும்?

டிஸ்-சார்ஜ். டிஸ் என்றால் விலக்குவது, சார்ஜ் என்றால் ஆதியில் சுமையாம். கப்பலில் சரக்கு இறக்குவதற்கும் இதே சொல்தான். ஆஸ்பத்திரியில் அவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். சரக்கை இறக்கி என் தலையில் வைத்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். விழுந்த பிறகு முதல் சிரிப்பு. ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனாலும் சிரிப்புதான்.

ஜூன் 26

எழுதவே கை வரவில்லை.

காலையில் அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். நான் பிளவுஸுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமல், யாரும் எடுத்துக்கொடுக்காமல், இடது கையால் தட்டித் தட்டி, அட்சர சுத்தமாகச் சொன்னார்: "ம-ரி-யா-னா. ம-ரி-யா-னா. ம-ரி-யா-னா."

மூன்று தடவை. அவ்வளவு ஆசையாக!

யார் அந்த மரியானா? எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருத்தி இல்லை. தெருவில் இல்லை. கேட்டேன். "ஷி... ஷி..." என்கிறார். ஷி என்றால் அவள் என்று எனக்கே தெரியும்.

ஜூன் 27

குழம்பில் உப்பு கூடிவிட்டது. வேண்டுமென்றுதான்.

ஜூன் 28

அவரோடு வேலை பார்த்த இசக்கி வந்தார். கையில் ஆரஞ்சு. உட்காரச் சொல்லவில்லை, காபி கொடுக்கவில்லை, நேரே கேட்டுவிட்டேன். "இசக்கி தம்பி, உங்க அண்ணாச்சிக்கு மரியானான்னு யாரைத் தெரியும்? மறைக்காம சொல்லுங்க."

இசக்கி ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஆரஞ்சு எல்லாம் தரையில் உருண்டது.

"ஐயோ மதினி! அது கப்பலு! லேடி மரியானா. மரம் ஏத்திட்டு வரும். அண்ணாச்சிதான் எப்பவும் அதுக்குப் போவாக. ஷிப்புன்னு சொல்ல வந்திருப்பாக, பாவம்!"

அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து என் மானத்தை வாங்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"கப்பலை எதுக்கு மூணு தடவை கூப்பிடணும்? ஒரு தடவை போதாதா?" என்றேன்.

"வயர்லெஸ்ல அதுதான் முறை மதினி. கடல் இரைச்சல்ல ஒரு தடவை சொன்னா பாதி பேரு காத்தோட போயிரும். அதனால பேரை மூணு தடவை கூப்பிடணும். பொறவு திஸ் இஸ்னு நம்ம யாருன்னு சொல்லணும். கடைசியில ஓவர். ஓவர்னா நான் நிறுத்திட்டேன், நீ பேசுன்னு அர்த்தம். ஓவர் சொல்லுத வரைக்கும் எதிர்ல உள்ளவன் வாயைத் திறக்கப்படாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா ரெண்டும் கேக்காது."

"பதில் எப்படிச் சொல்லணும்?"

"முதல்ல கூப்பிட்டவன் பேரைச் சொல்லணும். அது கண்டிப்பு. வெளியே எத்தனையோ கப்பல் நிக்கும்லா? பேரைச் சொல்லாம பேசினா யாரு யாருக்குப் பதில் சொல்லுதான்னு எப்படித் தெரியும்?"

"பதிலே வரலைன்னா?"

"கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் மூணு தடவை. வாரவரைக்கும் கூப்பிட வேண்டியதுதான்."

அந்தப் பேச்சு முழுக்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஷைனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆன்ட்டி, அந்த வயர்லெஸ் மாதிரி ஒண்ணு கிடைக்குமா?" என்று கத்தினாள்.

ஜூலை 3

இசக்கி ஒரு செத்த வாக்கி-டாக்கி கொண்டுவந்தார். பேட்டரி இல்லை, ஏரியல் பாதி உடைந்தது. ஆபீஸில் தூக்கிப் போட வைத்திருந்ததாம். ஷைனி அதை அவருடைய இடது கையில் வைத்தாள். அவர் கட்டை விரலால் பக்கத்துப் பொத்தானை அழுத்தினார். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். முதுகு நிமிர்ந்தது.

"லே-டி ம-ரி-யா-னா, லே-டி ம-ரி-யா-னா, லே-டி ம-ரி-யா-னா. திஸ் இஸ் ஏ-ஜென்ட். ஓவர்."

பொத்தானை விட்டார். ஒரு வாக்கியம். முழு வாக்கியம்! ஷைனி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். செத்துப்போன அந்தக் கருப்புக் கட்டைக்குள் இருந்தா இவர் பேச்சு வருகிறது? உள்ளே எல்லாம் இருந்திருக்கிறது. கதவுதான் வேறு பக்கம் இருந்திருக்கிறது. இதைச் செய்தது யார் என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. மாதாவா, மூளையா, முப்பது வருஷம் பொத்தானை அழுத்திய அந்தக் கட்டை விரலா?

அவர் காத்திருந்தார். ஷைனி என் காதில், "ஆன்ட்டி, பதில் சொல்லுங்க. நீங்கதான் கப்பல்" என்றாள். என் கையில் டிவி ரிமோட்டைத் திணித்தாள்.

"ஏ-ஜென்ட், ஏ-ஜென்ட், ஏ-ஜென்ட். திஸ் இஸ் லே-டி ம-ரி-யா-னா. ஓவர்" என்றேன்.

ஒரு வாரம் முன்னால் சபித்த பேரை என் வாயாலேயே எனக்கு வைத்துக்கொண்டேன்.

ஜூலை 8

தினமும் நான் ஒரு கப்பல். ஷைனி வார்த்தை எழுதிக் கொடுக்கிறாள், நான் தாடையில் கைவைத்துப் பிரித்து மனப்பாடம் செய்கிறேன். ஆங்-கர்-ஏஜ், மூன்று துண்டு, நங்கூரம் போடுகிற இடம். கா-ப்டன் என்று பிரித்தேன், அவர் தலையை ஆட்டிக் கேப்-டன் என்று திருத்தினார். எனக்குத் திருத்தம் சொல்கிறார்!

நான் தாழ்ந்த குரலில் பதில் சொன்னால், "நத்-திங் ஹெர்ட்" என்கிறார். ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம். திரும்பவும் மூன்று தடவை கூப்பிடுகிறார். முறை என்றால் முறை.

ஓவர் வருகிறவரைக்கும் நான் வாயைத் திறப்பதில்லை. சில சமயம் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் ஒரு கொக்கி தைத்துவிடலாம். அவ்வளவு நேரம் ஆகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்தால்தான் தெரிகிறது, அவர் வார்த்தையைத் தேடும்போது முகத்தில் என்னவெல்லாம் ஓடுகிறது என்று. இத்தனை வருஷமும் அந்த முகத்தைப் பார்க்காமல் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல.

சரி, அது கிடக்கட்டும். ஏழு பிளவுஸுக்குக் கை ஏற்ற வேண்டும்.

ஜூலை 15

சப்-போர்ட். போர்ட் என்றால் சுமப்பது. இம்-போர்ட் உள்ளே சுமந்து வருவது, எக்ஸ்-போர்ட் வெளியே சுமந்து போவது. துறைமுகம் என்கிற போர்ட் வேறு வழியாக வந்ததாம், இதற்குத் தூரத்துப் பங்காளி. சப்-போர்ட் என்றால் கீழே இருந்து சுமப்பது. காலையில் அவரை எழுப்பும்போது என் தோளை அவர் கக்கத்துக்குக் கீழே கொடுக்கிறேனே, அதேதான்.

இதைவிட ஒன்று சொன்னாள் ஷைனி. கம்-பேன்-யன். துணை என்று அர்த்தம். ஆதியில் கம் என்றால் கூட, பேன் என்றால் அப்பம். ஒன்றாக அப்பம் தின்கிறவர்தான் துணை. நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோயிலில் பூசைக்குப் போய் நற்கருணை அப்பம் வாங்குகிற எங்களுக்கு அப்பம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டுமா? கம்பெனி என்பதும் அதே சொல்தானாம். இவர் கம்பெனி கம்பெனி என்று ஓடினாரே, எனக்குத் தெரிந்து அந்தக் கம்பெனி பகிர்ந்தது காலண்டரும் டைரியும்தான்!

மத்தியானம் ஒரே தட்டில் பிசைந்து அவருக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டோம். பாத்திரம் குறையும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

ஜூலை 19

கெட்ட நாள். செ-லஸ்-டி-னா, நான்கு துண்டு. ஷைனி தட்டினாள், பாடினாள், வாக்கி-டாக்கியும் கொடுத்தாள். "செ... செ... செ..." என்று அங்கேயே நின்றார். அப்புறம் வாக்கி-டாக்கியைச் சுவரில் எறிந்தார். அழுதார். ஆம்பிளை அழுவதைப் பார்க்கக் கூடாது என்று நான் அடுப்படிக்குப் போனேன். அங்கே போய் நான் அழுதேன்.

எத்தனை கப்பல் பேர் வருகிறது! ஓஷன் என்கிறார், ஸ்டார் என்கிறார், எவளெவளோ லேடி வருகிறாள். பிள்ளை பெற்று வளர்த்துப் பக்கத்திலேயே கிடக்கிறவள் பேர் மட்டும் கடலில் போய்விட்டது. இனி வராதா? ஷைனியிடம் கேட்டேன். "சொல்ல முடியாது ஆன்ட்டி. ரொம்பப் பாசமான வார்த்தைதான் சில சமயம் ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றாள். சமாதானத்துக்குச் சொல்கிறாளா, உண்மையா, தெரியவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "உங்க பேருக்கு அர்த்தம் தெரியுமா?" என்றாள். தெரியாது. யாரோ புனிதை பேர் என்று வைத்தார்கள். "செலஸ்ட்-ன்னா வானம். வானத்தைச் சேர்ந்தவள்."

ஐம்பது வயசுக்குப் பக்கத்தில் வந்து என் பேருக்கு அர்த்தம் தெரிந்துகொண்டேன். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் சும்மா மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 26

கோயிலில் கொடி ஏறியது. துறைமுகத்தில் நின்ற கப்பல் சங்கு ஊதியது. அவர் ஜன்னலைப் பார்த்துத் தலை வணங்கினார். துணி எல்லாம் கொடுத்து முடித்தேன், ஒருத்திக்கு மட்டும் கழுத்து இறங்கிவிட்டது என்று தகராறு.

ஆகஸ்ட் 5

திருநாள். சப்பரம் பார்க்கப் போகவில்லை. கல்யாணம் ஆனபிறகு போகாத முதல் வருஷம். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டுக்கொண்டே கறிக்கு மசாலா அரைத்தேன்.

அவர் முன்னறையில் ஜன்னல் பக்கம் இருந்தார். ஒட்டுப் போட்ட வாக்கி-டாக்கி மடியில். பாட்டு நின்ற நேரம் அவர் குரல் வந்தது.

"செ-லஸ்-டி-னா."

நான் அசையவில்லை. அம்மியில் இருந்து கையை எடுக்கவில்லை.

"செ-லஸ்-டி-னா. செ-லஸ்-டி-னா."

மூன்று. நான்கு நான்கு துண்டாக, ஒன்றுகூடக் குறையாமல். என் பேர். மாதாவே, என் பேர்! முழுப் பேர்!

"திஸ் இஸ்..." என்றார். ஏஜென்ட் என்று வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. தேடுகிறார் என்று தெரிந்தது. நான் குறுக்கே பேசவில்லை, முடித்துக் கொடுக்கவில்லை. எழுந்து வந்து அடுப்படிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவர் தன் பேரைச் சொன்னார். ஏஜென்ட் இல்லை, மச்சாது என்கிற குடும்பப் பேரும் இல்லை. ஞானஸ்நானப் பேர்.

"ஓவர்."

பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னங்க" என்றேன். முப்பது வருஷமாக வருகிற பதில், அது தானாக வந்தது.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. ஆனால் விடவும் இல்லை. "நத்-திங் ஹெர்ட்" என்றார். திரும்பவும் பொத்தானை அழுத்தினார். திரும்பவும் என் பேர், மூன்று தடவை. திரும்பவும் அவர் பேர். ஓவர்.

முறை என்றால் முறை. கூப்பிட்டவர் பேரைச் சொல்லித்தான் பதில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

என் அம்மா ஒருநாளும் அப்பா பேரைச் சொன்னதில்லை. என் மாமியாரும் மாமனார் பேரைச் சொன்னதில்லை. இவர் பேரை நான் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். கோயிலில் கல்யாண வாக்கு கொடுக்கும்போது சாமியார் எடுத்துக்கொடுக்க, உதட்டுக்குள்ளேயே சொன்னேன். சாமியாருக்கே கேட்டிருக்காது. இவருக்கு எங்கே கேட்டிருக்கும்? இவர் அன்றைக்குக் கூப்பிட்டதற்கு இன்றைக்கு வரைக்கும் பதில் போகவில்லை. நான் மட்டும், என் பேரைச் சொல்லவில்லை, என் பேரைச் சொல்லவில்லை என்று இந்த டைரி முழுக்கப் புலம்பியிருக்கிறேன்.

மசாலாக் கையைத் தாடைக்குக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன். தாடை இரண்டு தடவை இறங்கியது. இரண்டு துண்டு, இரண்டு உயிர்.

"கஸ்-பார்."

சத்தம் எனக்கே போதவில்லை. இன்னும் ஒரு தடவை. "கஸ்-பார்." மூன்றாவது தடவை தெருவுக்கே கேட்டிருக்கும். "கஸ்பார்! திஸ் இஸ் செலஸ்டினா. ஓவர்!"

அவர் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். கண்ணில் இருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வந்தது. கருவியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "லவுட் அண்ட் கிளி-யர்" என்றார். சத்தமாகவும் தெளிவாகவும் கேட்கிறதாம். "ஓவர்."

இனி என் முறை. சொல்ல எவ்வளவோ இருந்தது. முப்பது வருஷத்துப் பாக்கி.

"கஸ்பார், கஸ்பார், கஸ்பார். திஸ் இஸ் செலஸ்டினா. கறி வேக இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் ஒரு டீ போடட்டுமா? ஓவர்."

போடச் சொன்னார். ஒரு டம்ளர் போட்டு இரண்டு பேரும் குடித்தோம்.